ஊசி போடப் பழக ஊட்டிக்கு வாருங்கள்

வாழ்த்துகள். லண்டனிலோ டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ நர்சிங் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டீர்கள். தமிழ் உங்களுக்குப் புரியும், திருப்பிப் பேசத்தான் வராது. விடுமுறை நெருங்குகிறது. பயோடேட்டாவில் 'சர்வதேச மருத்துவ அனுபவம்' என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. அம்மாவின் சித்தி வீடு குன்னூரில் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது எல்லோருக்கும் வாய்க்காது. நீலகிரியில் நான்கு வாரம் தன்னார்வ நர்சாக இருந்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு முன் வந்தவர்களும் கீழே சொன்னபடிதான் செய்தார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் பிசிறில்லாமல் செய்யலாம்.

1. முதலில் காரணத்தை முடிவு செய்யுங்கள்.

உண்மையான காரணம் உங்களுக்கே தெரியும். உங்கள் ஊரில் மேற்பார்வை நர்ஸ் பக்கத்தில் நிற்காமல் ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட நீங்கள் எடுத்துக் கொடுக்க முடியாது. பிரிட்டனில் என்றால் 2,300 மணி நேரம் நேரடிப் பயிற்சி முடித்தால்தான் பதிவு. அத்தனை மணி நேரமும் யாராவது ஒருவர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பொம்மைக்கு ஊசி போட்டுப் போட்டு உங்களுக்கும் அலுத்துவிட்டது. இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். 'வசதியற்ற மக்களுக்குச் சேவை செய்ய' என்று எழுதுங்கள். நாலு தடவை எழுதினால் உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

2. மாதம்: மே.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். அப்போது கூடலூர், பந்தலூர் பக்கம் மண் சரியும், சாலை அறுந்துபோகும், வார்டு முழுக்கக் காய்ச்சலாக இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும். தேவைப்படுகிற நேரத்தில் போய் நின்றால் கற்றுக்கொடுக்க யாருக்கும் ஓய்வு இருக்காது. மே மாதம் வாருங்கள். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும்.

3. காகித வேலைகளைச் சரியான வரிசையில் முடியுங்கள்.

2024 மே மாதத்திலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு ஏற இ-பாஸ் வேண்டும். அதை எடுத்துவிடுங்கள், விளையாட்டல்ல. தண்ணீர் பாட்டிலைக் கீழேயே குடித்து முடித்துவிடுங்கள். மலை ஏறும் வழியில் வண்டியைச் சோதித்து பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. பையைத் திறந்து பார்க்கிறவர் அதற்குள் ஸ்டெதஸ்கோப்பும் சிரிஞ்சுப் பொட்டலமும் இருப்பதைப் பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவிடுவார். அது பிளாஸ்டிக் பாட்டில் இல்லையே.

நர்ஸ் பதிவு? தமிழ்நாட்டில் அதற்கு 1926-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு ஒரு கவுன்சில் வைத்திருக்கிறார்கள். குன்னூர்ப் பெண் ஒருத்தி நர்சிங் படித்துத் தேறினாலும் அங்கே பெயர் பதிந்தால்தான் வேலைக்குப் போக முடியும். உங்களிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. அது விசா வரிசையில் நிற்கும் வேலையைத்தான் குறைக்கும், நர்ஸ் ஆக்காது. ஆனால் நீலநிற அட்டையை யார் உள்ளே படித்துப் பார்க்கப் போகிறார்கள்?

4. பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள்.

உங்களை அனுப்பிவைக்கும் ஏஜென்சி கேட்பதைப் பவுண்டிலோ டாலரிலோ கொடுங்கள். இதில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்காதீர்கள், பதில் சொல்லத் தெரியாமல் அவர்கள் தவிப்பார்கள். முழுப் பணமும் உங்கள் கைக்காசு என்றும் இல்லை. இணையத்தில் உண்டியல் திறங்கள், பெரியப்பா, கோயில் கமிட்டி, தமிழ்ச் சங்கம் எல்லோரும் போடுவார்கள். திரட்டிய தொகையில் இங்கே ஒரு நர்சுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்சுகள் நிரந்தரம் கேட்டுப் பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. அவர்களுக்கு ஆர்வம் போதவில்லை, அதனால்தான் சம்பளம் கேட்கிறார்கள்.

5. பெட்டியில் ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் மருந்து.

வீட்டு அலமாரியில் மிச்சம் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் வாரிப் போடுங்கள். அத்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய பிரஷர் மாத்திரை, பாதி அட்டை ஆன்டிபயாட்டிக், அடுத்த மாதம் காலாவதியாகும் சிரப் எதையும் விடாதீர்கள். நன்கொடை மருந்துக்கு வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மீதம் இருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தாக இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1990-களிலிருந்தே நெறிமுறை வைத்திருக்கிறது. அவர்கள் உங்கள் அத்தையைப் பார்த்ததில்லை.

6. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை ஆஸ்பத்திரி அது. பழங்குடியினருக்குத் தனி வார்டே இருக்கிறது. புரொபசர், மாணவர், ஸ்டாஃப் நர்ஸ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் விஷயம் தெரிந்த ஆள் இருப்பார். நீங்கள் யார் என்று எவராவது ஒருவர் கேட்டே தீருவார்.

சாலை முடிந்து ஜீப் பாதை தொடங்குகிற இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம். தேயிலை எஸ்டேட் லயன் வீடுகள் நல்ல தேர்வு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுக்கு மருத்துவ வசதி கட்டாயம் என்றது. அதனால் பழைய எஸ்டேட்களில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக் கட்டடம், கட்டில், ஊசி காய்ச்சிய பழைய ஸ்டெரிலைசர் எல்லாம் பார்க்கலாம். டாக்டர் எப்போதாவது வருவார் என்றால் இன்னும் விசேஷம். பழங்குடிக் குக்கிராமம் கிடைத்தால் விடாதீர்கள். கேள்வி கேட்கும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு உங்கள் அனுபவம் விரியும்.

7. வெள்ளைக் கோட்டு போடுங்கள்.

உங்கள் ஊரில் மாணவி என்று நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்தியிருப்பீர்கள். அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் போதும், அரை மணி நேரத்தில் யாராவது ஒரு பாட்டி உங்களை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார். திருத்தாதீர்கள். வயதானவர் பேச்சை மறுப்பது நம் பண்பாடு இல்லை.

8. மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தமிழ் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது போதும். பாட்டி உட்கார்ந்து, "ராத்திரி ஆனா கையி காலு மதமதங்குது கண்ணு, நடந்தா நெஞ்சு அடைக்குது, ஒரு வாரமா சோறு எறங்கல, மருமவ கிட்ட சொன்னா பித்தம்ங்கறா" என்பார். நான்கு நோய்க்கான தடயம் அதில் இருக்கிறது. நீங்கள் பொறுமையாகத் தலையாட்டுங்கள். கடைசியில் "வலி இருக்கா? ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேளுங்கள். பாட்டி யோசித்துப் பத்து ரூபாய் என்று நினைத்துக்கொள்வார். எழுதிக்கொள்ளுங்கள்.

கூடலூர்ப் பக்கம் போனால் தமிழும் போதாது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பேச்சு வேறு. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் படுகு. சில எஸ்டேட்களில் இப்போது கொழுந்து பறிப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். உங்கள் தமிழ் அவர்களுக்கு உங்கள் ஆங்கிலத்தைப் போலவே. இதற்கும் வழி இருக்கிறது. சத்தமாகப் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டான்டீ தோட்டத்துக்குப் போனால் வயதான அம்மா ஒருத்தர் யாழ்ப்பாணமா, கொழும்பா என்று உங்கள் வீட்டு விவரம் கேட்பார். 1964-இல் இலங்கையின் சிறிமாவோவும் இந்தியாவின் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், கண்டிப் பக்கத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, இங்கே வந்து மறுபடி கொழுந்து பறித்த குடும்பங்கள் இவை. டான்டீ தோட்டங்களே இவர்களைக் குடியமர்த்த 1968-இல் அரசு தொடங்கியவை. உங்கள் அம்மாவும் அதே தீவிலிருந்துதான் விமானம் ஏறினார் என்றால் பேச்சை மாற்றிவிடுங்கள். அதே கடலைக் கடந்து வந்தவர் கட்டிலிலும் நீங்கள் கோட்டிலும் இருப்பது ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால் வரிசை நகராது.

9. ஒரு முகாம் நடத்துங்கள்.

பேனர் இல்லாமல் முகாம் இல்லை. பேனரில் உங்கள் படம் பெரிதாக இருக்கட்டும். நேரம் காலை பத்து மணி. அப்போதுதான் வெளிச்சம் நன்றாக விழும். கொழுந்து பறிப்பவர்களுக்கு அது வேலை நேரம், வரிசையில் நின்றால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் கூலி குறையும். இலவச முகாமுக்கு வர அவர்கள் கொடுக்கும் கட்டணம் அது. நீங்கள் வாங்கவில்லை அல்லவா, அதனால் இலவசம்தான்.

பிரஷர் பாருங்கள். இருநூறு பேருக்குப் பார்த்தால் இருபது பேருக்காவது அதிகம் இருக்கும், ஒரு பாட்டிக்கு 180-க்கு 110 இருக்கும். அவரிடம் "உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு அனுப்புங்கள். எங்கே அனுப்புவது, யார் மாத்திரை தருவது, அடுத்த மாதம் யார் மறுபடி அளப்பது என்பதெல்லாம் முகாமில் சேராது. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பாட்டி ஏற்கெனவே அதில் இருக்கலாம், வீட்டில் குறிப்பு வைத்திருக்கலாம். கேட்காதீர்கள். பெட்டியில் கொண்டுவந்த அத்தையின் மாத்திரையை மேலே ஒன்று சேர்த்துக் கொடுத்தால்தான் உங்கள் வருகைக்கு ஒரு விளைவு இருக்கும்.

கிராம சுகாதார நர்ஸ் வந்தால் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். மலையில் சுமார் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த 3,000 பேரில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது, யார் வீட்டுக்காரர் குடித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிகிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். முகாம் நாளில் அவர் வழக்கமான சுற்றை விட்டுவிட்டு உங்களுக்கு நாற்காலி போட வந்திருக்கிறார். நன்றி சொல்லுங்கள். படத்தில் ஓரமாக இருக்கட்டும்.

10. நோயை நீங்களே கண்டுபிடியுங்கள்.

மூட்டு வலி என்றால் வேலைக் களைப்பு. கண் மஞ்சள் என்றால் தண்ணீர் சரியில்லை. வெளிறிப்போன பையன் என்றால் சத்துக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை. முடிந்தது.

கூடலூர்ப் பழங்குடிகளிடம் இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருந்தால் சிக்கிள் செல் ரத்தசோகையாக இருக்கலாம் என்று அங்கே வேலை செய்யும் எந்த நர்சும் சொல்லிவிடுவார். சிவப்பணுக்களே உருமாறி உடைந்துபோவதால் வரும் சோகை அது, இரும்பு மாத்திரையால் தீராது. குளிரிலும் உடம்பில் நீர் வற்றினாலும் வலி கூடும். மத்திய அரசு 2023 ஜூலையில் இதற்கென்றே தேசிய இயக்கம் தொடங்கி, 2047-க்குள் ஒழிப்பதாகச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அத்தனை அவகாசம் இல்லை. நான்கு வாரம்தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

11. இப்போது ஊசி.

இதற்காகத்தானே வந்தீர்கள், தயங்க வேண்டாம். நரம்பு சரியாகத் தெரியாத வயதான கையாகப் பாருங்கள். முதல் தடவை தவறினால் புன்னகை செய்யுங்கள். இரண்டாவது தடவை தவறினால் "உங்க நரம்பு ரொம்ப மெல்லிசு" என்று சொல்லுங்கள். தவறு நோயாளியின் உடம்பில் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். மூன்றாவது தடவை பக்கத்தில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ் "விடுங்க சிஸ்டர், நான் போடறேன்" என்று கை நீட்டுவார். கொடுக்காதீர்கள். கற்றல் அனுபவத்தில் குறுக்கிடுகிறார்.

ஒப்புதல் கேட்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பாட்டி கையை நீட்டிவிட்டாரே. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் நீட்டித்தான் பழக்கம். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை மாத்திரை தர மாட்டார்களோ என்ற பயமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒப்புதல். குன்னூரில் 1920-களில் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர், எந்த ஊர்ச் சாப்பாடு உடம்புக்கு எப்படி என்று எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். எலிகளைக் கூண்டில் வைத்து நிறுத்துப் பார்த்து, செத்தால் அறுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார். அவ்வளவு சிரமம் உங்களுக்கு வேண்டாம். குறிப்பெடுக்காமலே செய்யலாம்.

சொந்த ஊரில் செய்ய அனுமதி இல்லாததை வெளிநாட்டில் போய்ச் செய்யாதே என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011-இல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி போட்டது. அதைப் பின்பற்றினால் நீங்கள் டிக்கெட்டே எடுத்திருக்க வேண்டாம். உகாண்டாவின் ஜிஞ்சாவில், மருத்துவப் படிப்பு இல்லாத அமெரிக்கப் பெண் ஒருவர் சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு நிலையம் நடத்தினார். இறந்த குழந்தைகளின் தாய்மார்கள் 2019-இல் வழக்குப் போட்டார்கள். குற்றம் ஒப்புக்கொள்ளப்படாமல், 2020-இல் பணம் கொடுத்து முடிக்கப்பட்டது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் பல வருடம் தங்கினார். நீங்கள் நான்கு வாரத்தில் கிளம்பிவிடுங்கள்.

12. பிரசவம் பார்க்கும் கனவை விடுங்கள்.

லாந்தர் வெளிச்சம், வெளியே மழை, கையில் அழும் குழந்தை என்று ஒரு காட்சியோடு வருவீர்கள். தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். கர்ப்பம் என்று தெரிந்ததுமே அரசுப் பதிவான பிக்மி எண் வாங்கிவிடுகிறார்கள், தேதி நெருங்கினால் கிராம சுகாதார நர்ஸ் போன் போட்டே துளைத்துவிடுகிறார். இந்த விஷயத்தில் தமிழ்நாடு உங்களை ஏமாற்றிவிட்டது. ஆனாலும் மனம் தளர வேண்டாம். பிரசவ வார்டு வாசலில் நின்று பிறந்த குழந்தையை ஒரு நிமிடம் வாங்கி வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம். அதன் கீழே நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று குழந்தையின் அம்மா படிக்கப்போவதில்லை.

13. படம்.

குழந்தைகளோடு எடுங்கள். மூக்கு ஒழுகினால் துடைக்காதீர்கள். சுத்தமான வீடாக இருந்தால் வெளியே வந்து எடுங்கள். தோடர் மந்தின் வளைந்த கூரை பின்னால் தெரிந்தால் நூறு லைக் கூடுதல், நோயாளி எந்த இனமாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ஊர் வார்டில் ஒரு நோயாளியின் கால் விரலைப் படம் பிடித்துப் போட்டாலும் படிப்பே போய்விடும். இங்கே முகமே போடலாம், பெயரும் போடலாம், 'என் இதயத்தைத் திருடிய குட்டி' என்றும் போடலாம்.

14. கெட்ட முன்னுதாரணங்களிடமிருந்து விலகியிருங்கள்.

நல்லெண்ணம் கொண்டு வருபவரைக் கெடுக்கச் சிலர் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மிக மோசமானவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரிக் குடும்பம், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அழைத்தார்கள். ஆண் டாக்டரான அவர் அப்பாவை உள்ளே விட யாருக்கும் சம்மதம் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஆர்வமுள்ள எந்த இளம்பெண்ணும் அன்றைக்கே கோட்டு மாட்டியிருப்பாள். இவர் என்ன செய்தார்? கப்பலேறித் திரும்பிப் போய், வருடக்கணக்கில் படித்து, 1899-இல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கி, அதன் பிறகு வேலூருக்கு வந்தார். வந்ததும் போதாதென்று 1909-இல் உள்ளூர்ப் பெண்களுக்கு நர்சிங் பள்ளி வேறு தொடங்கினார். எத்தனை வருடம் வீண்.

கூடலூரிலும் இதே கதை. 1980-களின் கடைசியில் டாக்டர்கள் வந்தார்கள், 1990-இல் டாக்டர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவரான அவர் கணவர் நந்தகுமார் மேனனும் வந்தார்கள். வந்தவர்கள் நான்கு வாரத்தில் திரும்பிப் போகவில்லை. அங்கே ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியவர்கள், அதிகம் படிக்க வாய்ப்பில்லாத பழங்குடிப் பெண்களையே உட்கார வைத்து நர்ஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். 1992-இல் அந்த மக்களுக்கே மருத்துவக் காப்பீடு போட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? பணியர் வீட்டுப் பாட்டி கட்டிலில் படுத்தால் பணிய மொழியில் "என்ன செய்யுது?" என்று கேட்க வார்டிலேயே ஆள் இருக்கிறது. அந்தப் பாட்டி உங்களை ஏன் டாக்டரம்மா என்று கூப்பிட வேண்டும்? நம் தொழிலே படுத்துவிடும்.

இவான் இலிச் என்று ஒரு பாதிரியார். 1968-இல் மெக்ஸிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில், ஊர் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற கருத்தில் பேசினார். ஊட்டிக்காரர்கள் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், நல்லவர்கள். ஊர் பார்க்க வந்தாலும் உதவ வந்தாலும் வர்க்கியும் டீயும் தருவார்கள்.

15. தப்பித் தவறி ஏதாவது கற்றுக்கொண்டுவிட்டால்.

நடக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மழை பெய்யும், வரிசை இருக்காது. உங்களுக்கு வேலை இல்லாமல் ஸ்டாஃப் நர்சின் பின்னால் சும்மா நின்றுகொண்டிருப்பீர்கள். அவர் ஒரே பார்வையில் மூச்சுத் திணறும் குழந்தையின் நெஞ்சுக்குழி உள்ளே போவதைக் கண்டுபிடிப்பார். இல்லாத கருவிக்கு மாற்று என்ன என்று யோசிப்பார். "பஸ் நாலு மணிக்குத்தான், அதுவரை இங்கேயே படுக்கட்டும்" என்று சொல்லி அம்மாவுக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்புவார். பார்க்கப் பார்க்க உங்களுக்கு என்னவோ புரியும். தொடாமல் நின்று பார்ப்பதுதான் பயிற்சி என்று தோன்றும். அறிக்கையில் இதைச் சேர்க்காதீர்கள். 'கவனித்தேன்' என்று எழுதினால் மதிப்பெண் குறையும், 'செய்தேன்' என்று எழுதுங்கள்.

16. விடைபெறும் நாள்.

கேக் வெட்டுங்கள். சால்வை போடுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மீதி மருந்துப் பெட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடுங்கள், காலாவதியானதைக் குழி தோண்டிப் புதைக்கும் வேலை அவர்களுக்கு. 'மீண்டும் வருவேன்' என்று சொல்லுங்கள். சொல்லும்போது கண்ணில் நீர் வந்தால் யாராவது படம் எடுக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது அந்த ஸ்டாஃப் நர்ஸ், நான்கு வாரமும் நீங்கள் குத்தித் தவறவிட்ட நரம்புகளையெல்லாம் பின்னால் வந்து சரிசெய்தவர், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார்: "நானும் உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு நாலு வாரம் வந்து பார்க்கலாமா சிஸ்டர்? சும்மா, கத்துக்கத்தான்."

அன்பாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு விளக்குங்கள். பிரிட்டனில் நர்சாக ஒரு நோயாளியைத் தொட வேண்டுமென்றால் பதிவு வேண்டும். பதிவுக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 7 எடுக்க வேண்டும், எழுத்தில் மட்டும் 6.5 போதும். பிறகு கணினித் தேர்வு. பிறகு அந்த நாட்டுக்கே போய் நேரில் செய்துகாட்டும் தேர்வு, பத்து இடத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். விசாவுக்குத் தனி. பன்னிரண்டு வருட சர்வீஸ் இருந்தாலும் இதில் ஒன்றையும் தள்ளிவிட முடியாது.

"சும்மா பார்க்க மட்டும்?" என்று கேட்டால், அதற்கும் அங்கே முன்கூட்டியே அனுமதி வேண்டும், போலீஸ் சான்று வேண்டும், தடுப்பூசிச் சான்று வேண்டும், நோயாளியின் பக்கத்தில் கை கட்டி நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அவர் முகம் சுருங்கும். சமாதானப்படுத்துங்கள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்க ஊர்ல பேஷண்ட் விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட்."